சிங்க முகமும் ஒரு சிட்டிகைப் பவுடரும்

இந்தக் கதையில் வரும் குருவுக்குச் சீடரின் வயதில் பாதிதான் இருக்கும். தாடி கிடையாது, பெண்பிள்ளைக்கு ஏது தாடி. ஆசிரமமும் கிடையாது. கோவில்பட்டியில் ஒரு வாடகை வீட்டு மொட்டை மாடி, அதில் ஒரு தண்ணீர்த் தொட்டி, தொட்டி நிழலில் இரும்பு வாளிக்குள் களிமண் பூசிச் செய்த அடுப்பு. அடுப்புக்குக் காற்று ஊத, தலைமுடி உலர்த்தும் மெஷின் ஒன்று. ஞானம் அதன் வழியாகத்தான் வந்தது.

குருவின் பெயர் எப்சிபா. வார நாளெல்லாம் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. ஊரில் பாதிக் கிழவர்களின் சிரிப்பு அவள் கையால் ஆனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் மாடியேறிவிடுவாள். பழைய பிஸ்டன், ஓட்டைக் குக்கர் என்று கிடைத்ததை உருக்கி, ஒரு மீன், ஒரு இலை, கதவுக்கு ஒரு கைப்பிடி என்று எதையாவது வார்த்துக்கொண்டிருப்பாள். விற்பதற்கில்லை. சிலர் கோலம் போடுவதில்லையா, அந்த மாதிரி.

சீடர் பேச்சிமுத்து, ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார். எப்சிபாவுக்கும் பள்ளிக்கூடத்தில் அவர்தான் பி.டி. மாஸ்டர். அவர் விசில் ஊதினால் கயத்தாறில் போகிற பஸ் நின்றுவிடும் என்பார்கள். ஒரு தடவை கூட்ஸ் வண்டியே நின்று, கார்டு இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார் என்பதை நம்புகிறவர்கள் நம்பலாம். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் அவள் வீட்டு மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"குருவே, வரலாமா?"

"கேலி பண்ணாதீங்க சார்" என்றாள் எப்சிபா.

கேலிதான். ஆனால் கையில் வைத்திருந்த மஞ்சள் பை கேலியில்லை. பைக்குள் ஒரு பித்தளைச் சிங்க முகம் இருந்தது.

அந்தச் சிங்கம் பேச்சிமுத்து வீட்டு வாசற்கதவில் இருந்தது. அவருடைய அப்பா திருகாணி போட்டு முடுக்கியது. வாய் பிளந்து, பிடரி விரித்து, போகிற வருகிறவர்களை முறைத்துக்கொண்டிருக்கும். ஒரு தீபாவளிக்குத் தபால்காரர் இனாம் கேட்டு ரொம்ப நேரம் நின்றபோது, அவர் சுண்டுவிரலைக் கவ்விவிட்டதாகத் தெருவில் பேச்சு உண்டு. பேச்சிமுத்துவும் தம்பி இசக்கிமுத்துவும் சிறுவயதில் அதன் வாயில் பிஸ்கட் வைப்பார்கள். காலையில் பிஸ்கட் இருக்காது. எலி தின்றதென்று அண்ணனுக்குத் தெரியும். தம்பிக்கு இன்றுவரை சொல்லவில்லை.

அண்ணனும் தம்பியும் அந்த ஒரே வீட்டில்தான் கிழவர்கள் ஆனார்கள். பேச்சிமுத்துவின் மனைவி போய்ச் சேர்ந்தபின், தம்பி பெண்டாட்டி வடிவுதான் அவருக்கும் சேர்த்துச் சமைத்தாள். அத்தானுக்கு ரசத்தில் பூண்டு தட்டிப் போட வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். இந்த நிலையில் இசக்கியின் மகன் தூத்துக்குடியில் வீடு கட்டினான். பேத்தி பிறந்தாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? இசக்கியும் வடிவும் அங்கேயே போய்விடுவது என்று பேச்சு முடிந்தது. பாத்திரம் வேண்டாம், கட்டில் வேண்டாம், பங்கு எதுவும் வேண்டாம் என்றான் இசக்கி. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அந்தச் சிங்கத்தை மட்டும் நான் எடுத்துக்கிடட்டுமாண்ணே?"

 பேச்சிமுத்து அடுத்த நாள், அதே மாதிரி இன்னொன்று வார்த்துத் தருவதாகச் சொன்னார். எது யாருக்கு என்பதைச் சொல்லவில்லை. அது வார்த்து முடிகிறவரை நீ போகக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார். இசக்கி சரியென்று தலையாட்டினான். அண்ணன் பேச்சுக்குத் தலையாட்டியே அவனுக்குக் கழுத்து நீண்டுபோயிருந்தது.

இப்படித்தான் அவர் எப்சிபாவிடம் வந்தார். வந்தவர் முதலில் குருவின் பேச்சைக் கேட்கவில்லை. சீடர்கள் எங்கேதான் கேட்டார்கள்.

மாவுக்கட்டுக்குப் போடும் வெள்ளைப் பவுடர்தான் சல்லிசு, அதிலேயே அச்சு எடுத்துவிடலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, தானாகவே ஒரு அச்சு செய்து கொண்டுவந்தார். கைக்குக் காய்ந்த மாதிரி இருந்தது. எப்சிபா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். குளிர்ந்தது. உள்ளே ஈரம் இருக்கிறது, அடுப்பில் வைத்து நன்றாகச் சுட வேண்டும் என்றாள். அவர் கேட்கிற ஆளா? அவள் தண்ணீர் குடிக்கக் கீழே போன நேரம் பார்த்து, உருகிய அலுமினியத்தை ஊற்றினார். உள்ளேயிருந்த ஈரம் ஆவியாகிச் சீறியது. உலோகம் எகிறி, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அப்பிக்கொண்டது. இலங்கைத் தீவின் வடிவத்தில், யாழ்ப்பாணம் உட்பட, இன்றும் அங்கே இருக்கிறது. பேச்சிமுத்துவின் இடது புருவம் மட்டும் அதற்குப் பிறகு பாதிதான் முளைத்தது.

எப்சிபா திட்டவில்லை. ஒரு சாக்கை அவர் கையில் கொடுத்து, ஊருக்கு வெளியே போய்க் கரிசல் மண் அள்ளி வரச் சொன்னாள்.

"கரிசலா? எதுக்கு?"

"அள்ளிட்டு வாங்க சார். ஏன்னு கேக்கப்பிடாது."

"குருவே, இது அநியாயம்."

"நாங்க ஏன்னு கேட்டா கிரவுண்டைச் சுத்தி ஓடச் சொல்லுவீங்கள்ல?"

அவர் போய் அள்ளி வந்தார். கரிசலைக் காயவைத்து, இடித்து, வேட்டித் துணியில் சலித்தார்கள். அதே துணியில் ஆற்று மணலையும் சலித்தார்கள். மணல் அதிகம், கரிசல் கொஞ்சம். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்தார்கள். புட்டுக்கு மாவு விரவுகிற பதம். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்தால் விரல் ரேகை பதிய வேண்டும். இரண்டாக உடைத்தால் உதிராமல் உடைய வேண்டும். அச்சுக்கு இதைவிடச் செலவில்லாத பொருள் இல்லை. கடையில் வாங்க எதுவுமே இல்லை என்பதில் பேச்சிமுத்துவுக்குப் பரம திருப்தி.

பழைய ஜன்னல் பலகையில் அடியும் மூடியும் இல்லாத இரண்டு சட்டங்கள் அடித்தாள். கீழ்ப்பெட்டி, மேல்பெட்டி. சிங்கத்தை மல்லாத்தி வைத்து, கீழ்ப்பெட்டியில் மண்ணை இடித்து நிரப்பிக் கவிழ்த்தால் சிங்கம் முகம் புதைந்து, முதுகு மட்டும் வெளியே தெரியும். அதன்மேல் மேல்பெட்டியை வைத்து, உலோகம் ஊற்ற ஒரு துளை விட்டு, அதிலும் மண்ணை இடிக்க வேண்டும். பிறகு மேல்பெட்டியைத் தூக்கிச் சிங்கத்தை எடுத்துவிட்டால், மண்ணில் அதன் முகம் பள்ளமாக நிற்கும். மேல்பெட்டியை மூடி, துளை வழியாக ஊற்ற வேண்டியதுதான். அவ்வளவுதான் வித்தை.

"மேல்பெட்டி வைக்க முந்தி இதைத் தூவுங்க" என்று ஒரு பவுடர் டப்பாவை நீட்டினாள். குழந்தைகளுக்குப் போடும் சாதாரணப் பவுடர்.

அவர் டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிங்கத்துக்கு முகப்பூச்சா என்றார். ரெண்டு பெட்டி மண்ணும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் என்றாள் அவள்.

"ஒட்டுனா நல்லதுதான? கெட்டியா இருக்கும். ஒழுகாது."

"தூவுங்க சார்."

பேச்சிமுத்து சிங்கத்தையும் பெட்டிகளையும் தன் வீட்டு மாடிக்கே கொண்டுபோய்விட்டார். குரு பக்கத்தில் இல்லாததால், விபூதி வைக்கிற மாதிரி ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு சிட்டிகை வைத்தார். மேல்பெட்டியைத் தூக்கினார். கீழ்ப்பெட்டி மண்ணும் அதோடு ஒட்டிக்கொண்டு, அச்சில் பாதிப் பிடரியைப் பிய்த்துக்கொண்டு வந்தது. மண்ணை உதிர்த்து மறுபடி இடித்தார். இந்த முறை பவுடரே போடவில்லை. மறந்துவிட்டதாகப் பின்னால் சொன்னார். தாடை போனது. இன்னொரு நாள் மூக்கு போனது.

ஒவ்வொரு முறை அச்சு பிய்ந்தபோதும் பேச்சிமுத்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வருவார். இசக்கி தூத்துக்குடிக்குப் போன் போட்டு, இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்பான். அன்று ரசத்தில் பூண்டு தூக்கலாக இருக்கும். பேச்சிமுத்து இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுவார்.

வடிவுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. கூட்ஸ் வண்டியை நிறுத்தினவரால் ஒரு சிங்கத்தைச் செய்ய முடியவில்லையாக்கும் என்று புருஷனிடம் முணுமுணுத்தாள். அண்ணன் காதில் விழுகிற அளவுக்கே முணுமுணுத்தாள்.

கடைசியில் தூத்துக்குடியில் பேத்திக்குக் காய்ச்சல் கண்டது. மருமகள் போனில் அழுதாள். மறுநாள் காலையிலேயே வாசலில் வேன் வந்து நின்றது.

பேச்சிமுத்து அப்போது மாடியில் இருந்தார். சிங்கத்தைப் புதைத்து, மேல்பெட்டியையும் இடித்து முடித்திருந்தார். பவுடர் டப்பா மூடி திறக்காமல் கைப்பிடிச் சுவரில் இருந்தது. கீழே சாமான் ஏறுகிற சத்தம் கேட்டது. அவர் இறங்கவில்லை. இசக்கியே மாடிக்கு வந்தான். குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். சிங்கம் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, எடுக்க முடியாது, எடுத்தால் பிய்ந்துவிடும் என்றார் அண்ணன்.

"பரவால்லண்ணே. அது இங்கயே இருக்கட்டும்."

அண்ணன் பெட்டியின் ஓரத்தில் வழிந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாரேண்ணே."

பேச்சிமுத்து நிமிரவில்லை. "போறேன்னு மட்டும் சொல்லு. வாரேன்னு எதுக்குச் சொல்லுத?"

 அந்த வீட்டில், கடைக்குப் போகிறவன்கூட 'போறேன்' என்று சொன்னதில்லை. ஒருமுறை சின்னப்பையனாக இருந்தபோது வாய்தவறிச் சொல்லிவிட்டு, இதே அண்ணனிடம் தலையில் குட்டு வாங்கி, திரும்ப உள்ளே வந்து, ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போனவன் இசக்கி.

"சரிண்ணே. போறேன்" என்றான்.

செருப்புச் சத்தம் படியிறங்கியது. வாசற்கதவருகே கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. சிங்கம் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன. வடிவு கீழேயிருந்தே குரல் கொடுத்தாள். "அத்தான், ரசம் மூடி வச்சிருக்கேன். சூடு பண்ணிக்கிடுங்க." வேன் கிளம்பியது.

அவரிடம் அந்தப் பழைய விசில் இருந்தது. சட்டைப் பையில்தான் இருந்தது. ஊதியிருந்தால் வேன் நின்றிருக்குமோ என்னவோ. ஊதவில்லை.

ரசத்தின் மூடியை அவர் மறுநாளும் திறக்கவில்லை. அதற்கும் மறுநாள் தெருமுழுக்க வாடை வந்தபின் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய்க் கொட்டினார். தம்பிக்குப் போன் போட்டார். வடிவு எடுத்தாள். பேத்திக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றாள். அவன் எங்கே என்றதும், "குளிக்காக அத்தான்" என்றாள். சாயந்திரம் போட்டார், அப்போதும் குளித்துக்கொண்டிருந்தான். அடுத்த நாள் காலையிலும் குளித்துக்கொண்டிருந்தான். அந்த வாரம் தூத்துக்குடியில் குழாயில் தண்ணீர் வராமல் போனதற்கு, அணை காரணமில்லை, என் தம்பிதான் காரணம் என்று பேச்சிமுத்து டீக்கடையில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, சேர்ந்தே இறுகிப்போன இரண்டு பெட்டிகளையும் சுமந்துகொண்டு எப்சிபாவின் மாடிக்கு ஏறினார். அந்தப் பெட்டியை அவர் திறந்தே பார்க்கவில்லை. வெயிலில் காய்ந்து, கரிசல் செங்கல்லாக இறுகிவிட்டிருந்தது. சிங்கம் உள்ளேயே கிடந்தது.

இந்த முறை அவர் படியில் நின்று அனுமதி கேட்கவில்லை. தொட்டி நிழலில், இலங்கைத் தீவுக்குக் கீழே உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். போறேன் என்று சொல்லச் சொன்னதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"பிஞ்சுபோன அச்சை ஒட்டவைக்க ஏதாச்சும் மண்ணு இருக்கா குருவே?"

இப்போது அதில் கேலி இல்லை.

 எப்சிபா ஒரு சுத்தியலை எடுத்துப் பெட்டியைத் தட்டினாள். காய்ந்த மண் கட்டிகட்டியாக விழுந்தது. உள்ளேயிருந்து சிங்கம் வந்தது. வாய் நிறைய மண். அவள் ஒரு குச்சியால் அதன் வாயைச் சுத்தம் செய்தாள். உதிர்ந்த மண்ணை அவரிடம் தள்ளி, இடிக்கச் சொன்னாள். இடித்தார். துணியில் சலிக்கச் சொன்னாள். சலித்தார். தண்ணீர் தெளித்தாள். அவர் பிசைந்து, ஒரு பிடி பிடித்து, உடைத்துப் பார்த்தார். விரல் ரேகை அப்படியே இருந்தது.

கீழ்ப்பெட்டியில் சிங்கத்தைப் புதைத்தார்கள். டப்பாவை அவள் நீட்டவில்லை. அவர் தானாக எட்டி எடுத்தார். மூடியைத் திறந்து, உள்ளங்கையில் கொட்டி, விரல் நுனியால் தூவினார். மண் மேலெல்லாம் தூவினார். பிடரியைச் சுற்றி, ஒரு மூலை விடாமல் தூவினார். கறுத்த மண் வெளுத்துக் கிடந்தது. மேல்பெட்டியை வைத்து இடித்தார்கள்.

"தூக்குங்க சார்."

அவர் தயங்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நேராகத் தூக்கினார்.

மேல்பெட்டி வந்துவிட்டது. ஒரு துளி மண்கூடப் பிய்யவில்லை. வெண்ணெயை விட்டுக் கத்தி வருகிற மாதிரி வந்துவிட்டது. அவர் அதைக் கீழே வைக்கப் போனார்.

"வைக்காதீங்க. அப்படியே பிடிங்க."

இரண்டு கையாலும் பெட்டியை ஏந்தியபடி நின்றார். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைக் கையைத் தூக்கி நிற்க வைத்த மனிதர். தோள் வலித்தது. எப்சிபா குனிந்து, சிங்கத்தின் முதுகை மெல்லத் தட்டித் தட்டி அசைத்து, நேராக மேலே எடுத்தாள். மண்ணில் ஒரு சிங்கம் வாய் பிளந்து, பள்ளமாக, குறையில்லாமல் இருந்தது. பிஸ்கட் வைக்கிற வாய்.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதிப் புருவம் உள்ள பக்கத்துக் கண் கலங்கியிருந்தது. புகை என்று சொல்ல முடியாது. அடுப்பை இன்னும் பற்ற வைக்கவே இல்லை.

"இவ்வளவு லேசாப் பிரியுமா?" என்றார். "பிரியுறதுக்குத்தான் பவுடர்னு அன்னைக்கே வெவரமாச் சொல்லியிருந்தா…"

எப்சிபா அவர் கையிலிருந்த மேல்பெட்டியைப் பார்த்தாள்.

"பிரியுறதுக்கு இல்ல சார். மறுபடி மூடணும்ல, அதுக்கு."

 பெட்டி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.